இதற்கு முன் பழுது பார்த்தவர்

இதைப் பொய் என்று சொல்லப் போகிறவர்கள் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். கை மட்டும் நுழையக்கூடிய ஓட்டை உள்ள மரப்பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்காதீர்கள். வலது கையை முழங்கை வரை உள்ளே விடுங்கள். கை உள்ளே இருக்கும்போதே, உங்கள் கண்ணில் படாத ஒரு மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டுங்கள். பிறகு வாருங்கள், பொய்யா நிஜமா என்று பேசலாம்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நடுராத்திரி, நாய் ஊளை, காற்றில் அடித்துக்கொள்ளும் ஜன்னல் என்றெல்லாம் எதிர்பார்த்து உட்காராதீர்கள். எல்லாம் நடந்தது பட்டப்பகலில், ஒரு பெயின்ட் கடையின் மாடியில். கீழே நாலு பேர் வெள்ளைக்கும் தந்த வெள்ளைக்கும் என்ன வித்தியாசம் என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரத்தில். பேய்க்கு வெயில் ஆகாது என்று எழுதியவர்களை அது படிக்கவில்லை போலிருக்கிறது.

நடந்தது கடுகுக்கு.

கடுகு என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. ஆள் குள்ளம். சூடு பட்டால் வெடிப்பான். வெடித்தால் யார் மேல் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. சொந்தக்காரர்கள் வைத்த பெயர் நின்றுவிட்டது. தொழில் கிடார் பழுது பார்ப்பது. கழுத்து வளைந்த கிடார், வயிறு உப்பிய கிடார், கீழே விழுந்து மண்டை பிளந்த கிடார் என்று எது வந்தாலும் சரி, அவன் கைக்கு வந்து எழுந்திருக்காத கிடார் கிடையாது. அவன் வாய்க்கு வந்து கண்ணீர் விடாத வாடிக்கையாளரும் கிடையாது.

"இதென்ன, கிடாரா, துணி துவைக்கிற கட்டையா?" என்று ஆரம்பிப்பான். முடிக்கிற இடத்தில் வாடிக்கையாளரின் மூன்று தலைமுறை நின்றுகொண்டிருக்கும்.

பெயின்ட் கடை அவன் மைத்துனனுடையது. மாடி அறையும் அவனுடையதுதான். அக்கா புருஷன் என்று இடம் கொடுத்திருந்தான். பத்து வருஷம் பொறுத்தான். பதினோராவது வருஷம் ஒரு கட்டட கான்ட்ராக்டர், மூன்று மாடிக்குப் பெயின்ட் ஆர்டர் கொடுக்க வந்தவர், வந்த இடத்தில் தன் மகனுடைய கிடாரையும் மாடிக்கு எடுத்துக்கொண்டு போனார். தரை துடைக்கும் திரவத்தை ஊற்றி யாரோ அதைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். கடுகு போட்ட சத்தம் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களுக்குக் கேட்டது. கான்ட்ராக்டர் இறங்கி வரும்போது முகம் செங்கல் நிறம். ஆர்டர் போயே போச்சு.

மைத்துனன் மாடியேறி வந்தான். கையில் புதுப் பூட்டு. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"மச்சான், ஒண்ணு உங்க வாய்க்குப் பூட்டு. இல்லேன்னா இந்தக் கதவுக்குப் பூட்டு. எதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

"தரை தொடைக்கிற தண்ணிய ஊத்தியிருக்கான், மாப்ள! தரை தொடைக்கிற..."

"ஊத்தட்டும். அவர் கிடாரு. அவர் எடுத்துக் குடிச்சாலும் உங்களுக்கென்ன?"

"அப்போ நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?"

"எங்க அக்கா மூஞ்சிக்காக. இன்னும் ஒரே ஒரு வாடிக்கையாளர், ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்த மூஞ்சியையும் மறந்துடுவேன்."

பூட்டை வாசல் ஆணியில் மாட்டிவிட்டுப் போனான்.

வீட்டில் தீர்ப்பு இன்னும் சுருக்கமாக வந்தது. "தம்பி பூட்டினா நீங்க வீட்ல உக்காருவீங்க. வீட்ல உக்காந்தா என்கிட்ட கத்துவீங்க," என்றாள் மனைவி. "அப்புறம் நானும் ஒரு பூட்டு வாங்குவேன்."

கடுகுக்கு அந்த மாடியை விட்டால் போக்கிடம் இல்லை. வேறு தொழில் தெரியாது. வேறு யாரும் அவனுக்கு இடமும் கொடுக்க மாட்டார்கள், அவன் வாய் அவனுக்கு முன்னால் ஊர் சுற்றிவிட்டு வந்திருந்தது. ஆகவே வாயை மூடினான். மூடின வாய்க்குள் கோபம் என்ன செய்யும்? பிரஷர் குக்கருக்குள் நீராவி என்ன செய்யுமோ, அதைத்தான்.

இந்த நிலைமையில்தான், ஒரு திங்கட்கிழமை, மதிய உணவு இடைவேளையில் டீச்சரம்மா வந்தார்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர். சேலைத் தலைப்பில் சாக்பீஸ் தூள். பழைய போர்வையில் சுற்றி ஒரு கிடாரைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார்.

"கம்பி ரொம்ப உயரத்துல இருக்கு. பொண்ணு அழுத்தி வாசிச்சா விரல் கிழியுது. உள்ள ஏதோ ஒரு சத்தம் வேற."

"பாத்துடலாங்க," என்றான் கடுகு. 'ங்க' போட்டுப் பேசுவது அவனுக்குப் புதுச் செருப்பு மாதிரி கடித்தது.

"சீக்கிரம் வேணும். அவ வாசிச்சு வீட்ல ஒருத்தர் கேக்கணும்."

கடுகு பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். கிடாரின் மேல்பலகைக்கு உள்பக்கம் மெல்லிய மரச்சட்டங்கள் ஒட்டியிருக்கும். கடுகு அவற்றை விலா என்பான். விலா ஒழுங்காக ஒட்டியிருந்தால் தட்டும்போது சத்தம் திடமாக வரும். விட்டுப் போயிருந்தால் இருமும்.

டொக்... டொக்... டொக்... ஜிர்ர்ர்.

கம்பிகளைக் கழற்றினான். சின்ன பல்பையும் கைப்பிடிக் கண்ணாடியையும் ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தான். உள்ளே கண்ட காட்சியில் அவன் காது மடல் சிவந்தது.

ஒரு விலா கோணலாக ஒட்டப்பட்டிருந்தது. அதுவும் பாதிதான். மீதிப் பாதி அந்தரத்தில் தொங்கியது. சுற்றிலும் பசை குளமாகக் கொட்டி, வழிந்து, உறைந்து கிடந்தது. அந்த உறைந்த பசையில் கட்டைவிரல் ரேகை ஒன்று வரி வரியாகத் தெரிந்தது.

பழுது பார்க்கிற தொழில் எதுவானாலும் ஒரு சம்பிரதாயம் உண்டு. மெக்கானிக் வண்டியைத் திறந்ததும், பிளம்பர் குழாயைக் கழற்றியதும், பல் டாக்டர் நம் வாய்க்குள் லைட் அடித்ததும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றே: "யாருங்க இதுக்கு முன்னாடி பாத்தது?" அதற்கு யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. அது அந்தத் தொழிலின் பிள்ளையார் சுழி. முன்னால் பார்த்தவனைத் திட்டிவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரையே கையில் எடுப்பார்கள். அவன் எங்கேயோ இருக்கிறான். அவன் காதில் விழவா போகிறது?

கடுகுக்கு அந்தக் கணத்தில் சொர்க்க வாசல் திறந்தது. வாடிக்கையாளரைத்தானே திட்டக் கூடாது? முன்னால் பார்த்தவன் வாடிக்கையாளர் இல்லையே!

"யாருங்க இதுக்கு முன்னாடி பாத்தது?"

டீச்சரம்மா ஒரு கணம் தயங்கினார். "ஒருத்தர் பாத்தார். பாதியில விட்டுட்டார்."

"பாத்தாரா? கண்ணால பாத்தாரா, கால்ல மிதிச்சாரா? பசை ஊத்தினானா, வாந்தி எடுத்தானா? கட்டையில போறவன்! இவனை எவன் கிடாரைத் தொடச் சொன்னான்? மாடு குளிப்பாட்டப் போக வேண்டியவன். இவன் கை விளங்காமப் போக!"

பத்து நாளாக அடைத்து வைத்திருந்தது. விசில் அடித்துக்கொண்டு வெளியே வந்தது.

 டீச்சரம்மாவின் முகத்தில் இருந்த ரத்தம் எங்கேயோ போனது. பையைத் தோளில் மாட்டினார். "வியாழக்கிழமை வர்றேன்," என்றார். படியிறங்கிப் போய்விட்டார்.

கீழேயிருந்து மைத்துனன் கத்தினான்: "மச்சான், சத்தம் வந்துச்சே!"

"வேற ஆளைத் திட்டினேன், மாப்ள! இங்க இல்லாத ஆளை!"

"இல்லாத ஆள்னா சரி!"

சரியில்லை. ஆனால் அது அப்போது யாருக்குத் தெரியும்?

அன்றைக்கே கடுகு வேலையை ஆரம்பித்தான். கம்பிகள் வந்து உட்காருகிற இடத்தில், பிரிட்ஜின் மேல், வெள்ளையாக ஓர் எலும்புத் துண்டு நிற்கும். அதைத் தேய்த்துக் குறைத்தால் கம்பி இறங்கும். கழற்றினான். உப்புத்தாளில் வைத்துத் தேய்த்தான். அளந்தான். பொருத்திக் கம்பி போட்டுப் பார்த்தான். உயரம் கச்சிதம், சின்னப் பெண்ணின் விரலுக்கும் வலிக்காது. சாப்பிடப் போனான்.

திரும்பி வந்தபோது மணி மூன்று. கம்பி மேலே இருந்தது.

எலும்பைக் கழற்றிப் பார்த்தான். தேய்த்த அடையாளமே இல்லை. பழைய உயரம். தேய்த்த தூள் மட்டும் மேஜை மேல், அவன் விட்டுப் போன இடத்தில், சின்னக் குவியலாக அப்படியே இருந்தது.

எலும்பு வளருமா? உயிரோடு இருந்தால் வளரும்.

கடுகுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அவன் பிறவி அப்படி. "அந்த நாசமாப் போறவன் வெச்ச எலும்புகூட அவனை மாதிரியே அடங்காது போலிருக்கே," என்று கிடாரைப் பார்த்துச் சொன்னான். மறுபடி தேய்த்தான்.

'அடங்காது' என்று சொன்ன நேரத்தில் எங்கேயோ 'டொக்' என்று ஒரு சத்தம். படியில் யாரோ வருகிறார்கள் என்று நினைத்தான். யாரும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எலும்பு மறுபடி வளர்ந்திருந்தது.

இந்தத் தடவை நேற்றைவிட அதிக உயரம்.

கடுகு கம்பிகளை முழுக்கக் கழற்றிப் போட்டான். எலும்பை ஒரு டப்பாவில் போட்டு மூடினான். முதலில் உள்ளே இருக்கும் அசிங்கத்தைச் சுத்தம் செய்யலாம் என்று கண்ணாடியை ஓட்டைக்குள் விட்டான்.

நேற்று பசையில் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. இன்று அதன் பக்கத்தில் இன்னும் நாலு.

தொட்டுப் பார்த்தான். மூன்று வருஷமோ நாலு வருஷமோ ஆன பசை, கல்லாய் இறுகிக் கிடந்தது. அந்த நாலு ரேகைகள் இருந்த இடம் மட்டும் ஈரமாக இருந்தது.

"எவன்டா என் கடையில கை வெச்சது?" என்றான். கேட்க ஆள் இல்லை. மாடிக்கு ஏறுகிற வழி ராத்திரி முழுக்கப் பூட்டியிருந்தது.

பலகையைத் தட்டினான். மூன்று தட்டு.

டொக். டொக். டொக்.

...டொக்.

நாலாவது அவன் தட்டியது இல்லை.

மறுபடி இரண்டு தட்டினான். உள்ளேயிருந்து மூன்று வந்தது. ஒவ்வொன்றும் அவன் தட்டியதைவிடக் கொஞ்சம் பலமாக. எதிர்த்துப் பேசுகிற மாதிரி.

வேறு ஆளாக இருந்தால் அந்தக் கணமே கிடாரைப் போர்வையில் சுற்றி வெளியே வைத்திருப்பான். கடுகு அப்படிச் செய்யவில்லை. அவனுக்கு எதிர்த்துப் பேசினால் பிடிக்காது. மேஜை மேல் குனிந்து, ஓட்டைக்கு நேராக வாயை வைத்து, தணிந்த குரலில் சொன்னான்:

"செய்யறது அரைகுறை வேலை. இதுல உனக்கு ரோஷம் வேறயா?"

உள்ளே எதுவும் தட்டவில்லை. ஆனால் மேஜை விளிம்பைக் கவ்விப் பிடித்திருந்த கிளாம்ப் ஒன்று, ஆணி அடித்த மாதிரி இறுக்கி வைத்திருந்தது, தானாகத் திருகி அவிழ்ந்து கீழே விழுந்தது. காலுக்கு அரை அங்குலம் தள்ளி.

புதன்கிழமை. மதியம். வெயில் ஜன்னல் வழியாக மேஜை வரை வந்து படுத்திருந்தது. கீழே பெயின்ட் கலக்கும் மெஷின் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

நாளைக்கு டீச்சரம்மா வருவார். வேலை முடியவில்லை என்று சொல்ல வேண்டி வந்தால் அவர் கோபிப்பார், அவர் கோபித்தால் இவன் கத்துவான், இவன் கத்தினால் ஆணியில் தொங்கும் பூட்டு இறங்கும். கடுகு இதையெல்லாம் யோசித்துத்தான் கிடாரை மடியில் கிடத்தினான். விரலில் பசை எடுத்தான். வலது கையை ஓட்டைக்குள் விட்டான். மணிக்கட்டு... முழங்கை... விரல் நுனி, தொங்கிக்கொண்டிருந்த அந்த விலாவைத் தொட்டது. பசையைத் தடவினான். அழுத்திப் பிடித்தான். பசை பிடிக்கும் வரை இப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும்.

கீழே யாரோ கடைக்குள் வந்தார்கள். குரல் தெரிந்த குரல். அந்தக் கான்ட்ராக்டர்.

"ஆர்டர் குடுக்கலாம்னுதான் வந்தேன். மேல அந்த ஆள் இன்னும் இருக்கானா?"

"இருக்கார் சார். ஆனா மாறிட்டார். இப்போ ஆட்டுக்குட்டி சார். சத்தமே வராது. நீங்களே பாருங்க, எவ்வளவு அமைதியா இருக்கு."

கடுகு மூச்சுகூட மெதுவாக விட்டான்.

அப்போதுதான் அவன் விரலை யாரோ தொட்டார்கள்.

உள்ளே.

முதலில் ஒரு விரல். அவன் சுண்டுவிரல் மேல் வந்து உட்கார்ந்தது. பிறகு அடுத்தது. அடுத்தது. அவசரமே இல்லை. ஐந்து விரலும் அவன் ஐந்து விரலுக்கு இடையில் கோத்துக்கொண்டன.

பேயின் கை ஐஸ் மாதிரி இருக்கும் என்று எழுதுகிறவர்கள் யாரும் பிடித்துப் பார்த்ததில்லை. இது சூடாக இருந்தது. காய்ச்சல்காரன் கை மாதிரி. உள்ளங்கையில் வேர்வை.

இழுத்தான். வரவில்லை.

இன்னும் பலமாக இழுத்தான். கிடாரே சேர்ந்து வந்தது.

கை இறுகியது. அவன் விரல் முட்டி ஒன்று 'நட்' என்று சொடுக்கியது. வலி தோள் வரை ஏறியது. கத்த வாயைத் திறந்தான்...

"பாத்தீங்களா சார்? ஆட்டுக்குட்டி," என்றான் மைத்துனன் கீழே.

கடுகு வாயை மூடினான்.

கத்தினால் கடை போச்சு. கத்தாவிட்டால் கை போச்சு. குனிந்தான். ஓட்டையின் விளிம்பில் உதட்டை வைத்தான். கிசுகிசுத்தான்.

"விடுடா, நாயே."

கை இறுகியது.

"வேலை தெரியாத பயலே."

இன்னும் இறுகியது.

"நீ ஒட்டின லட்சணத்தை நான் சரி பண்றேன்... அதுக்கு நீ என் கால்ல விழணும்... நீ என் கையைப் பிடிக்கிறியா?"

நட்.

கடுகின் கண்ணில் தண்ணீர். வாய் நிற்கவில்லை. அவனுக்குத் தெரிந்த எல்லாம் வந்தது. கேட்டது, படித்தது, சொந்தமாகச் செய்தது. சின்ன வயதில் அடித்த வாத்தியாருக்காக வைத்திருந்தது. கான்ட்ராக்டருக்குச் சொல்லாமல் மிச்சம் வைத்தது. மைத்துனனுக்கு. மனைவிக்கு. பத்து வருஷம் பலகையும் பசையுமாகப் போன வாழ்க்கைக்கு. எல்லாவற்றையும் அந்த ஓட்டைக்குள் கொட்டினான். மெதுவாக. ஒரு சொல் வெளியே சிந்தாமல்.

உள்ளே யாரோ மூச்சை இழுத்தார்கள்.

நீளமாக.

தண்ணீர் குடிக்கிற மாதிரி...

கடுகு இன்னும் ஒரு வார்த்தை தேடினான்.

கிடைக்கவில்லை.

மறுபடி தேடினான். கோபம் இருக்கும் இடத்தில், நெஞ்சுக்குக் கீழே, கையை விட்டுத் துழாவுகிற மாதிரி தேடினான்.

காலி.

கை விட்டது.

கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்று இருபத்தைந்து. கீழே கான்ட்ராக்டர் மூன்று மாடிக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். கடுகின் வலது கையில் ஐந்து விரலுக்கும் இடையில் நீலம் பாரித்திருந்தது. கிடாரைத் தட்டிப் பார்த்தான். திடமான சத்தம். இருமல் இல்லை. டப்பாவைத் திறந்தான். எலும்பு அவன் தேய்த்த உயரத்தில், ஒரு மயிரிழை கூடாமல் குறையாமல் கிடந்தது.

வியாழக்கிழமை டீச்சரம்மா வந்தார். இடைவேளை இல்லாத நேரத்தில். கையில் போன்.

"கிடார் ரெடிங்க," என்றான் கடுகு. குரல் பஞ்சு மாதிரி வந்தது. அவனுக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

"கிடார் கிடக்கட்டும். நீங்க என்ன பண்ணினீங்க?"

"என்னங்க?"

"முன்னாடி யார் பாத்ததுன்னு கேட்டீங்களே. என் வீட்டுக்காரர். அவரும் உங்க தொழில்தான். மூணு வருஷத்துக்கு முன்னாடி பொண்ணுக்காக இதைச் சரி பண்ணிட்டிருந்தார். கை உள்ள இருந்துச்சு. அப்படியே சாஞ்சுட்டார். வலது பக்கம் முழுசாப் போச்சு. பேச்சும் போச்சு. எங்களுக்குக் கையை வெளியே எடுக்கக்கூடத் தெரியலை, பசை காய ஆரம்பிச்சிடுச்சு." மூச்சு வாங்கினார். "அவர் கை விளங்காமப் போகணும்னீங்க. சும்மா சொல்லக் கூடாது, உங்க வாக்கு மூணு வருஷம் பின்னாடி நடந்து போயே பலிச்சிருக்கு."

 "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, டீச்சர்..."

"சொல்ல வாயைத் திறந்திருந்தா உங்க மண்டையில அந்தக் கிடாரைப் போட்டிருப்பேன். இந்த ஊர்ல இந்த வேலைக்கு வேற ஆள் இல்லை. பல்லைக் கடிச்சிக்கிட்டுப் போனேன். பாட்டுக் கேட்டா அவருக்கு எதாச்சும் திரும்பலாம்னு டாக்டர் சொன்னார். அதுக்காக." நிறுத்தினார். "நேத்து மத்தியானம் பேசினார்."

"நல்ல சேதிதானே!"

"நல்ல சேதியா? என் வீட்டுக்காரர் யாரையும் 'டா' போட்டுப் பேசினதில்லை. நேத்திலேருந்து என்னென்ன பேசறார் தெரியுமா? கேளுங்க."

போனின் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"...கட்டையில போறவனே! பசை ஊத்தினியா, வாந்தி எடுத்தியா? மாடு குளிப்பாட்டப் போடா! மாடு குளிப்பாட்ட..."

வார்த்தை கடுகுடையது. அது பரவாயில்லை, வார்த்தைகள் ஊருக்குப் பொது. ஆனால் குரலும் கடுகுடையது. அந்த உடைசல், அந்த உச்சத்தில் கிறீச்சிடுகிற இடம், மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தொடங்குகிற விதம். அவன் தொண்டைதான் அந்தப் போனுக்குள் இருந்தது.

படியில் தடதடவென்று சத்தம். மைத்துனன். வந்த வேகத்தில் ஆணியிலிருந்து பூட்டை எடுத்துவிட்டான்.

"டீச்சரம்மாகிட்டயா? போயும் போயும் ஒரு டீச்சரம்மாகிட்டயா? போதும் மச்சான், எழுந்திரிங்க."

"நான் இல்ல, மாப்ள," என்றான் கடுகு. பஞ்சுக் குரலில்.

"உங்க குரல் எனக்குத் தெரியாதா? பத்து வருஷமா என் தலைக்கு மேல கேட்டுட்டிருக்கேன்."

கடுகு போனைக் காட்டினான்.  கத்த வேண்டும் போலிருந்தது. கத்த ஒன்றும் இல்லை.

"ஓ, ரெக்கார்டே பண்ணிட்டாங்களா? நல்லதாப் போச்சு, சாட்சியும் ஆச்சு." மைத்துனன் பூட்டைக் கதவின் கொண்டியில் மாட்டப் போனான்.

"ரெக்கார்ட் இல்லைங்க," என்றார் டீச்சரம்மா. "லைன்ல இருக்கார். என் பொண்ணு அவர் வாய்கிட்ட போனைப் பிடிச்சிட்டிருக்கா."

போனில் திட்டு நின்றது.

மூச்சுச் சத்தம் மட்டும்.

பிறகு, ஊரின் மறுகோடியில், கட்டிலை விட்டு மூன்று வருஷமாக எழுந்திருக்காத ஒரு மனிதரின் வாயிலிருந்து, கடுகின் குரல் நிதானமாகச் சொன்னது:

"மாப்ள. அந்தப் பூட்டைக் கீழ வை."

பூட்டு அவன் கையிலிருந்து நழுவி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனது.

அதற்குப் பிறகு அந்தக் கதவை யாரும் பூட்டச் சொல்லவில்லை. கடுகு இன்றுவரை ஒரு வாடிக்கையாளரிடம் குரல் உயர்த்தியதில்லை. எண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்தாலும், ஆணி அடித்துக் கொண்டுவந்தாலும், "பரவாயில்லைங்க, பாத்துடலாம்" என்பான். கூட்டம் அள்ளுகிறது. மனைவிதான் எப்போதாவது அவன் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சொல்வாள்: "ஒரு தடவை என்னைத் திட்டுங்களேன்." அவன் முயற்சி செய்வான். வராது.

டீச்சரம்மா வீட்டில் திட்டு நிற்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை அவர் மகள்தான் கண்டுபிடித்தாள். அது காலை பத்து மணிக்கு ஆரம்பிக்கும். மதியம் சாப்பாட்டு நேரத்தில் நிற்கும். ஏழு மணிக்கு ஓயும். ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கடுகின் மாடியில் யாராவது கோணல் மாணலாக ஒரு கிடாரைக் கொண்டுவந்து வைக்கிற அதே நிமிஷத்தில், அங்கே கட்டில் அதிரும்.

போன மாதம் அந்த மனிதர் இறந்துபோனார். தூக்கத்தில், சத்தமில்லாமல். அது ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் முற்பகலில் அடக்கம்.

அன்று சாயங்காலம் டீச்சரம்மாவிடமிருந்து கடுகுக்குப் போன் வந்தது. ஒப்பாரி இல்லை, முகமன் இல்லை. ஒரே கேள்வி.

"இன்னைக்குப் பதினோரு மணிக்கு உங்க கடைக்கு யார் வந்தது?"

கடுகு யோசித்தான். "ஒரு தம்பி வந்தார். கோடை முழுக்கக் கார் டிக்கியில போட்டு வெச்சிருந்திருக்கார். கழுத்தே திரும்பிப் போச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பரவாயில்லைங்கன்னேன்."

டீச்சரம்மா நடந்ததைச் சொன்னார்.

பதினோரு மணிக்குப் பெட்டியை நாலு பேர் தோளில் தூக்கியிருந்தார்களாம். ஆணி அடித்து மூடிய பெட்டி. தெருமுனை திரும்பும்போது உள்ளேயிருந்து வந்ததாம். பின்னால் நடந்து வந்த அத்தனை பேருக்கும் கேட்டதாம்.

"கார் டிக்கியில வெச்சவன் எவன்டா?"

தூக்கியவர்களில் இரண்டு பேர் பெட்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஓடினார்கள். ஒருவன் இன்னும் வீடு திரும்பவில்லை. மற்றவர்கள் கை மாற்றித் தூக்கிக்கொண்டு போய், அவசர அவசரமாகக் குழியில் இறக்கி, தேவைக்கு மேலேயே மண் போட்டார்கள்.

"நாளைக்குக் கடை உண்டா?" என்று கேட்டார் டீச்சரம்மா.

"திறக்கணுமே, டீச்சர்," என்றான் கடுகு.

பெட்டி இப்போது மண்ணுக்கு ஆறடி கீழே இருக்கிறது. கடை வழக்கம்போல் காலை பத்து மணிக்குத் திறக்கிறது.